தளம் நனைந்திருந்த பதினைந்து காலைகள்

"மார்ச் 4, செவ்வாய், மாசி 20. திண்டிவனம். காற்று அசையவில்லை. வானம் சுத்தம். தளத்தில் தண்ணீர் நாலு விரல். சூரியனின் கிழக்கு விளிம்பில் உயரமான சுடர் ஒன்று, காற்றில் சாய்ந்த பனைமரம் போல. இன்று தொடங்கினால் பதினேழாம் தேதி வாக்கில் மேற்கு விளிம்புக்குப் போய்விடும். இந்த முறை விடக்கூடாது."

என் நாட்குறிப்பில் இருப்பது இது. இதில் தேதி சரி, கிழமை சரி, தண்ணீரின் ஆழம் விரல் வைத்துப் பார்த்தது. ஒரே ஒரு சொல் மட்டும் தவறு. அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த இரண்டு வாரங்கள் அந்தத் தவறிலிருந்துதான் கிளைத்தன.

நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். பணி மதியம் ஒரு மணிக்குமேல்தான் என்பதால், காலைகளைச் சில வருடங்களாகச் சூரியனுக்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது முழங்கை நீளத் தொலைநோக்கி. சாதாரணத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும். இதில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் வடிகட்டி சூரிய ஒளி அனைத்தையும் தடுத்துவிட்டு, ஹைட்ரஜன் ஒளிரும் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்றை மட்டும் உள்ளே விடுகிறது. ஹைட்ரஜன் ஆல்பா என்று அதற்குப் பெயர். அந்தச் சிவப்பில் பார்த்தால் சூரியன் மொழுமொழுவென்ற தட்டாக இருக்காது. கம்பளிபோல முடி முடியாக இருக்கும். விளிம்பில் தீ எழுந்து நிற்கும்.

பழைய வானியல் நூல்களைப் படித்தால் பொறாமைக்குப் பதில் பெருமிதம் வருகிறது. ஒரு காலத்தில் இந்தச் சுடர்களை முழுச் சூரிய கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டுமே மனிதர் பார்க்க முடிந்தது. அதற்காகக் கப்பலேறி, கண்டம் தாண்டி, அன்று மேகம் வந்து, அழுதுகொண்டு திரும்பியவர்கள் உண்டு. நான் லுங்கியோடு மாடியேறிப் பார்க்கிறேன்.

விளிம்பில் சுடராக நிற்பதே சூரியன் சுழலச் சுழல முகத்தின் மேல் வரும்போது கருங்கோடாகத் தெரியும். பின்னாலிருக்கும் சூரியன் அதைவிடப் பிரகாசம் என்பதால் இது கறுத்துப்போகிறது. அப்போது அதற்கு இழை என்று பெயர். கிழக்கே சுடராக வந்து, இழையாக முகத்தைக் கடந்து, மேற்கே மறுபடி சுடராகி மறைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஒரே ஓர் இழையை, ஒரு நாளும் விடாமல், கரைக்குக் கரை படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு எந்தப் பரிசும் இதில் இல்லை. மூன்று முறை முயன்று மூன்றிலும் தோற்றிருந்தேன். முதல் முறை ஐப்பசி மழை. இரண்டாம் முறை கண்டாச்சிபுரத்தில் போகாமல் இருக்க முடியாத ஒரு கல்யாணம். மூன்றாம் முறை நான் ஒரு நாளும் தவறவில்லை, வானமும் தவறவில்லை. பாதி வழியில் இழையே எழும்பிப் பறந்து காணாமல் போயிற்று.

இவற்றையெல்லாம் தாண்டி எனக்கு நிரந்தர எதிரி ஒன்று இருந்தது: என் வீட்டு மாடி. வெயில் ஏற ஏற மாடியில் பதித்த ஓடு சூடாகி, அதிலிருந்து எழும் காற்று அலையலையாய் நடுங்கும். சாலையில் கானல் தெரிவது போலத்தான். தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு கொதிக்கும் கஞ்சியின் ஓரம்போல் ஆகிவிடும். ஈரச்சாக்கு விரித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்து, வீட்டில் சணல் நாற்றம் மட்டும் மிஞ்சியது. ஏரிக்கரையில் நின்று பார்த்தபோது படம் அசையாமல் நின்றது. தண்ணீருக்கு மேல் காற்று அமைதியாக இருக்கும் என்று படித்திருந்ததை அன்று கண்ணால் கண்டேன். ஆனால் ஏரிக்கரையில் மின்சாரம் இல்லை. போதாததற்கு, ஆடு மேய்ப்பவர்கள் வந்து முக்காலியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

மார்ச் மூன்றாம் தேதி இரவு, நான் பணி முடித்துக் கிளம்பும் நேரம். இரவுப் பணிக்கு வந்த ஒரு நர்ஸ், காபி மெஷின் பக்கத்தில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். திண்டிவனத்துக்காரர். கணவர் குவைத்தில் வேலையில் இருக்க, இவர் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு, தனியாக நின்று வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், தூக்கமே இல்லையா?"

"ஞாயித்துக்கெழம தளம் போட்டாச்சி சார். இப்ப தண்ணி கட்டறதுதான் பேஜாரு. நைட் முடிச்சி ரயிலேறிப் போய் படுத்தா மத்தியானம்தான் முழிப்பு வருது. அதுக்குள்ள காஞ்சி வெடிச்சிடுமோன்னு கனவுல கூட தளம்தான் வருது."

"எவ்ளோ தண்ணி நிக்குது?"

"மாடி பூரா பாத்தி பாத்தியா கட்டி நிக்குது சார். வாத்து உடலாம்."

நான் காபியைக் கீழே வைத்தேன். புதிதாகப் போட்ட கான்கிரீட் காயாமலிருக்க மண்ணால் வரப்புக் கட்டி, இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்தி வைப்பது யாருக்கும் தெரிந்ததுதான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோரம் அப்படி நிற்கும் தளங்களை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அது மாடியில் ஏற்றி வைத்த ஏரி என்று அன்று வரை எனக்குத் தோன்றவில்லை. அதற்கு வேண்டிய இரண்டு வாரமும் இழைக்கு வேண்டிய இரண்டு வாரமும் ஒன்றே என்பதும் தோன்றவில்லை.

"சிஸ்டர், நான் தினம் காலைல வந்து தண்ணி உட்டுட்டுப் போறேன். நீங்க நிம்மதியா தூங்குங்க. மாடில எனக்கு ஒரு பாத்தி மட்டும் குடுங்க."

"எதுக்கு சார்?"

"சூரியனப் பாக்கறதுக்கு."

"ஏன், விழுப்புரத்துல தெரியலையா?" என்றார். பிறகு, சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என்றும் சொன்னார்.

மறுநாள் விடியும் முன்பே வண்டியில் கிளம்பிவிட்டேன். வீடு ஊரின் ஓரத்தில், பாதி மனைகள் இன்னும் வயலாகவே இருக்கும் ஒரு புதுக் குடியிருப்பில் இருந்தது. மோட்டாரைப் போட்டு, ஓஸ் பிடித்து, எல்லாப் பாத்திகளையும் நிரப்பினேன். நடுப் பாத்தியில் மூன்று செங்கல் வைத்து, அவற்றின் மேல் முக்காலியின் கால்களை நிறுத்தினேன். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் நின்றேன். ஓரத்தில் கவிழ்த்திருந்த சிமென்ட் டிரம்மின் மேல் மடிக்கணினியை வைத்து, திரையில் வெயில் படாமல் அதன் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். கேமராவின் ஒயர் டிரம் வரை எட்டவில்லை. கேமராவைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினேன், எட்டியது.

திரையில் சூரியன் வந்தது. அசையவில்லை. விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நின்றது. ஒரு பக்கத்தில் அந்தப் பனைமரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, தண்ணீரில் நின்றுகொண்டு. உடனே நாட்குறிப்பை எடுத்து, மேலே சொன்ன வரிகளை எழுதினேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரம்மா மாடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர் மாடி முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, சோலாருக்கு அளவெடுக்கறீங்களா?"

"இல்லம்மா, சூரியனப் படம் எடுக்கறேன்."

"அதாங்க. வெய்யில் எவ்ளோ வருதுன்னு பாக்கறீங்க. எங்க ஊட்டுக்கும் எழுதிக்குங்க. மானியம் வந்தாதான் போடுவோம், சொல்லிட்டேன்."

நான் மறுத்தேன். அவர் கீழே போய், மின்கட்டண அட்டையை எடுத்து வந்து சுவரின் மேல் வைத்துவிட்டார். அது இரண்டு வாரமும் அங்கேயே, ஒரு செங்கல்லின் அடியில் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. பனைமரத்தைத் தேடினேன். மட்டை நுனி மட்டும் தெரிந்தது. அடி மரம் இல்லை. ஒரே இரவில் எழும்பிப் பறந்துவிட்டதோ என்று முந்தின நாள் படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சூரியனைத் தொடர்ந்து போகும் சிறு மோட்டாரை நிறுத்திவிட்டால், சூரியன் மெல்லத் திரையைவிட்டு நழுவும். முதலில் வெளியே போகும் விளிம்பே மேற்கு. புதிதாய்ப் படிக்கிறவர்களுக்கும் தெரிந்த சோதனை இது. பனைமரம் நின்ற பக்கம் முதலில் வெளியே போயிற்று.

ஒயர் எட்டவில்லை என்று கேமராவைத் திருப்பியபோது சூரியனையும் திருப்பிவிட்டேன். நான் வரவேற்றது விடைபெற்றுக்கொண்டிருந்தது. குறிப்பில் கிழக்கு என்று எழுதியிருப்பது மேற்கு.

அப்போது படியேறி அந்த நர்ஸ் வந்தார். இரவுப் பணி முடித்து ரயிலில் வந்து, கோயில் பூசைக்கும் போய்விட்டு வந்திருந்தார். அன்று சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் சிலுவை. தூங்கப் போகும் முன் தளத்தை ஒரு முறை பார்க்காமல் அவரால் முடியாது. ஒவ்வொரு பாத்தியிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி நல்லா நிக்குது சார். உங்க ஆளு எப்படி இருக்காரு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அப்ப இந்தப் பக்கம் கெழக்குன்னா, அங்க இன்னா நிக்குது?"

திரையின் மறு ஓரத்தில், விளிம்பை ஒட்டினாற்போல், குட்டையாக ஒரு வேலி முளைத்திருந்தது. முந்தின நாள் அது இல்லை. எக்ஸ்ரேவில் முடி போன்ற எலும்புக் கீறலைக் கண்டுபிடிக்கும் எனக்கு, பனைமரத்தைத் தேடிய வேகத்தில் அது கண்ணில் படவே இல்லை. தொடர் அன்றுதான் தொடங்கியது. ஒரு நாள் பிந்திய கணக்கு. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வேலி முழுவதும் முகத்துக்கு வந்து, நீண்ட கருங்கோடாகப் படுத்திருந்தது. அன்று மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். தண்ணீரில் முக்காலி நிற்பதைப் பார்த்து, அது தளத்தைச் சோதிக்கும் ஏதோ கருவி என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் என்னிடம் பேசவே இல்லை. பிறகு தாங்காமல் பக்கத்தில் வந்தார். கேமராவைக் கழற்றி, கண் வைத்துப் பார்க்கும் வில்லையை மாட்டி, பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, நடுவால வெடிப்பு உட்டுக்கினு கீது."

நர்ஸ் படியில் நின்றிருந்தார். "மேஸ்திரி, அந்த வார்த்தைய என் மாடில சொல்லாதீங்க."

"நம்ம தளத்த சொல்லலம்மா. மேல கீறத சொன்னேன். ஒழுங்கா தண்ணி கட்டலபோல."

அன்று முதல் அதற்கு வெடிப்பு என்றே பெயர். காலையில் நர்ஸ் வந்ததும், "இன்னிக்கி வெடிப்பு எது வரைக்கும் வந்துருக்கு?" என்பார். நான் திரையில் காட்டுவேன். அதன் வடிவம் நாளுக்கு நாள் மாறியது. ஒரு நாள் நடுவில் அறுந்து இரண்டாகி என்னைப் பதறவைத்தது, மறுநாள் ஒட்டிக்கொண்டது. வேலை ஒவ்வொரு நாளும் ஒன்றுதான்: ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளிகள் பலவற்றை எடுப்பது, வீட்டுக்குப் போய் அவற்றின் ஆயிரக்கணக்கான படங்களில் நடுங்காதவற்றைக் கணினியால் பொறுக்குவது, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தெளிந்த படம் செய்வது. என் வீட்டு மாடியில் எடுத்தவற்றில் நூற்றுக்கு ஐந்து தேறினால் அதிகம். இந்தத் தளத்தில் பொறுக்குவதற்கே அவசியமில்லாதது போல் இருந்தது. மருத்துவமனையில் என் உற்சாகத்தைப் பார்த்தவர்கள் சம்பளம் கூடியிருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தளம் தண்ணீரோடு நிற்பதைக் காட்ட நர்ஸ் போனை மெல்லச் சுற்றினார். போனிலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"யார் அது, நம்ம மாடில பேன்ட்ட மடிச்சிக்கினு நிக்கறது?"

"எக்ஸ்ரே சாரு. சொன்னேன்ல. சூரியனப் படம் புடிக்கறாரு."

"சூரியனுக்கு இன்னா, எலும்பு முறிஞ்சி போச்சா?"

"வெடிப்பு உட்டுருக்காம்."

"இங்க ஆகஸ்ட் மாசம் வரச் சொல்லு. சூரியன் பக்கத்துலயே வந்து ஒக்காந்துக்கும். டெலஸ்கோப்பே வேணாம்."

போனின் கேமராவைக் கண்வில்லையின் மேல் வைத்து அவருக்கும் காட்டினேன். சிவப்பு வட்டம் போனில் ஆடியது. பிறகு, "தண்ணி எத்தினி விரலு நிக்குது?" என்று கேட்டார். நான் நாலு விரல் என்றேன். "சரி, நீங்க இருங்க," என்றார். வீட்டுக்காரரின் அனுமதி இப்படித்தான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றாம் தேதி, வானம் மூடிவிட்டது. கோடை தொடங்கும் நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத மேகம். கிழக்கில் ஒரு வெளிச்சத் திட்டுக்கூட இல்லை. பிறகு தூறல் விழுந்தது. தொலைநோக்கியைப் பாலிதீன் தாளால் மூடி, குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நர்ஸ் தூங்கப் போகவில்லை. படிமேல் கூரைத் தகரத்தின் அடியில் நின்று, கையை நீட்டி மழையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி மோட்டாரே போட வேணாம் சார். கரண்டு மிச்சம்."

நான் குடையைக் கை மாற்றிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"மூஞ்சப் பாரு. எனக்கு லாபம்னா உங்களுக்கு நஷ்டம். ஒரு நாளு உட்டா இன்னா ஆயிடும் சார்?"

"ஒண்ணும் ஆவாது சிஸ்டர். தொடர் அறுந்துடும், அவ்ளோதான். மறுபடி முதல்லேந்து."

"ஒரு நாளுதான?"

"உங்க தளத்துல ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒழுகுனா பரவால்லையா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நல்லா கேட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தார். இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். தூறல் நின்றது. பத்து மணி போயிற்று, பதினொன்று போயிற்று. ஒரு மணிப் பணிக்கு நான் பன்னிரண்டுக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். கொட்டாவி விட்டுக்கொண்டே நர்ஸ்தான் முதலில் பார்த்தார்.

"சார், அங்க."

மேகத்தில் சல்லடைபோல் ஓர் இடம். அதன் பின்னால் வெள்ளையாகச் சூரியன். குடையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு பாலிதீனை உருவினேன். திரையில் வட்டம் வந்தது, மங்கியது, வந்தது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு சல்லடை மூடிக்கொண்டது. இரவு வீட்டில் அடுக்கிப் பார்த்தபோது படம் பாலில் தோய்த்தது போல் இருந்தது. ஆனால் முகத்தின் நடுவுக்குச் சற்றே முன்னால், கருங்கோடு இருந்தது. அந்தத் தொடரிலேயே மோசமான படம் அதுதான். அச்செடுத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் அதைத்தான்.

மறுநாள் மாசி மகம். மேஸ்திரியும் ஆட்களும் கடலில் நீராடப் போய்விட்டார்கள். வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. அதற்குப் பிந்திய நான்கு நாட்களைப் பற்றி என் குறிப்பில் "நன்று" என்பதைத் தவிர அதிகம் இல்லை. மகிழ்ச்சியாக இருக்கும்போது நான் குறைவாகத்தான் எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி திங்கள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் ஒரு டிராக்டர் செங்கல்லை இறக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மாடியில் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"வாங்க சார். பாத்திய ஒடச்சிடலாம். கைப்பிடிச் சொவுத்துக்கு கல்லு வந்துட்சி."

இழை மேற்கு விளிம்பை நெருங்கியிருந்தது, ஆனால் சேரவில்லை. இன்னும் இரண்டு காலை வேண்டும். பனைமரத்தை நம்பிப் போட்ட பழைய கணக்கை மாற்ற மறந்து, பதினேழு என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை வைத்துத்தான் கல்லுக்கும் ஆளுக்கும் சொல்லியிருந்தார்.

"இன்னும் ரெண்டு நாளு மேஸ்திரி."

"பதினாலு நாளு நின்னுட்சி சார். இதுக்கு மேல நின்னா மீனுதான் வளக்கணும்."

"வெடிப்பு இன்னும் கரை சேரல."

"அத எனக்கு சொல்றீங்களே, அது கிட்ட சொல்லுங்க, ஜல்தியா போவச் சொல்லி. எனக்கு வியாழக்கெழம வல்லத்துல வேல நிக்குது."

நர்ஸ் ரயிலிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். படியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். ஈஸ்டருக்குக் கணவர் விடுமுறையில் வருகிறார், அதற்குள் சுவர் எழும்பியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர் வேலையை ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் முக்காலியை மடித்திருப்பேன்.

"மேஸ்திரி, போய் ஒரு தபா பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார்.

மேஸ்திரி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கோடு விளிம்பருகே ஒடுங்கி, சாய்வாக, தடித்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓரத்துக்கு வந்துட்சே," என்றார், அதை இங்கு வரை கூட்டி வந்ததில் தமக்கும் பங்கு உண்டு என்பது போல. பிறகு நிமிர்ந்தார். "சூரியன் எந்தப் பக்கமா வருது உங்களுக்கு?"

"கெழக்கால. பதினோரு மணி வரைக்கும் அந்தப் பக்கம்தான்."

"அப்ப மேற்கால கீற பாத்திய நான் ஒடச்சி சொவுரு ஆரம்பிக்கறேன். கெழக்கால ரெண்டு வரிச உங்களுக்கு. ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் அத நீங்களே சொரண்டி, கூட்டி, மண்ண கீழ கொட்டிட்டுப் போணும். எங்க ஆளுங்க தொட மாட்டாங்க."

"சரி."

"எக்ஸ்ரே சாரு மண்வெட்டி புடிக்கறத நான் பாக்கணுமே," என்றார் நர்ஸ்.

இரண்டு நாட்களும் என் முதுகுக்குப் பின்னால் செங்கல் தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் சூரியன் துள்ளியது. நான் தட்டலுக்குத் தட்டல் இடைவெளியில் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். செவ்வாயன்று கோடு விளிம்பைத் தொட்டது, பாதி கறுப்பும் பாதி வெளிச்சமுமாக.

புதன், பத்தொன்பதாம் தேதி. நர்ஸ் அன்று கோயிலிலிருந்து கையில் கேசரி டப்பாவோடு வந்தார். "சூசையப்பர் திருநாளு சார். தச்சரு. கட்டட வேலைக்காரங்களுக்கெல்லாம் அவருதான்," என்று மேஸ்திரியின் ஆட்களுக்கு முதலில் கொடுத்தார். எனக்குக் கொடுக்க வந்தபோது நான் கை நீட்டவில்லை. மேற்கு விளிம்பில், கறுப்பெல்லாம் போய், வேலி எழுந்து நின்றது. வந்தபோது குட்டையாக இருந்தது, இப்போது நெருப்புக் கம்பிகள் வரிசையாக நட்டது போல் உயரமாக. ஐந்தாம் தேதி முதல் பத்தொன்பது வரை, பதினைந்து காலைகள், ஒன்றுகூட விடாமல். தொலைநோக்கியின் மோட்டாரை நிறுத்திச் சோதித்தேன். வேலி நின்ற பக்கமே முதலில் திரையை விட்டுப் போனது. மறுபடி மோட்டாரைப் போட்டு மறுபடி சோதித்தேன்.

"மேற்குதான?" என்றார் நர்ஸ்.

"மேற்குதான்."

"அப்ப வாயத் தொறங்க," என்று ஒரு கரண்டி கேசரியை ஊட்டிவிட்டார். மேஸ்திரி வந்து பார்த்தார், ஆட்கள் ஒவ்வொருவராகச் சிமென்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா சுவர் மேலிருந்து, "அண்ணே, மானியம் வந்துட்சா?" என்று கேட்டார். அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. ஆனா இதுல கரண்டு எப்படி எடுப்பாங்க?" என்றார். மின்கட்டண அட்டையை அன்றுதான் எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மண்வெட்டியைப் பிடித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டபோது அது மாடி விளிம்பில் வழிந்து கீழே ஒரு வாழைக்கன்றின் மேல் கொட்டியது. நான் சுரண்டிய அழகைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். தளம் அன்று முழுக்கத் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல். பிறகு வந்த ஐப்பசி மழையிலும் அது ஒழுகவில்லை என்று நர்ஸ் தினமும் செய்தி அனுப்பினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் தேதி காலை, கேசரி வாயில் இருக்கும்போதே, தொலைநோக்கியைக் கிழக்கு விளிம்புப் பக்கம் நகர்த்தினேன். இந்த முறை அது கிழக்கேதான், இரண்டு தடவை சோதித்தது. அங்கே உயரமாக ஒரு சுடர் நின்றது, காற்றில் சாய்ந்த பனைமரம் போல. நான்காம் தேதி மேற்கே மறைந்தது பின்பக்கமாகச் சுற்றிக் கிழக்கே வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், நாள் ஒத்துப்போகிறது. தலைகீழ்ப் படத்தைத் திருப்பி வைத்து அளந்தால், சூரிய நடுக்கோட்டிலிருந்து வடக்கே இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஆனால் ஒரு சுடர் அழிந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதும் உண்டு, பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு படங்களையும் இன்னும் அவ்வப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அன்றைய குறிப்பின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "4-ஆம் தேதியதும் இதுவும் ஒன்றேதானா என்பது உறுதி செய்யப்படவில்லை." இதுவரை அந்த வரியைத் திருத்தும்படி எதுவும் கிடைக்கவில்லை.